ஊசியை மட்டும் மாற்றியவர்

வண்டியை விட்டு இறங்கமாட்டார் பொன்னுராஜ். வாசலில் நின்று இரண்டு முறை ஹாரன் அடிப்பார். வேண்டியவர்கள்தான் வெளியே வரவேண்டும். சின்னமனூரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் முப்பது வருடம் இப்படித்தான் ஊசி போட்டார். அதை விட்டுப் பத்து வருடமாகியும் ஹாரன் பழக்கம் போகவில்லை.

டாக்டர் இல்லை அவர். ஒரு டாக்டரிடம் நாலு வருடம் கம்பவுண்டராக இருந்தவர். ஊருக்கு அது போதும். மாத்திரை கொடுத்தால் யாருக்கும் திருப்தி இருக்காது. "ஊசி போட்டாத்தேன் காய்ச்ச கேக்கும்" என்று வரிசையில் நிற்பார்கள். பொன்னுராஜ் சுத்தக்காரர் வேறு. ஆளுக்கு ஆள் ஊசியை மாற்றுவார். மருந்து ஏற்றுகிற சிரிஞ்சு மட்டும் ஒன்றே ஒன்று. அதை வெந்நீரில் ஓர் அலசு அலசி அடுத்தவருக்கு எடுத்துக்கொள்வார். "ஊசிதேன ஒடம்புல ஏறுது?" என்பது அவருடைய நியாயம். கைராசிக்காரர் என்று பெயர் வாங்கிவிட்டார்.

போன மாதம் பள்ளிக்கூடத்தில் புதன்கிழமைதோறும் ரத்தப் பரிசோதனை முகாம் என்று தொடங்கியது. முதல் புதன்கிழமையே, ஒரே தெருவில் ஆறு பேருக்கு ஹெபடைட்டிஸ் சி. வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது; வருடக்கணக்கில் சத்தமில்லாமல் ஈரலைக் கெடுக்கிற கிருமி. பழைய சிரிஞ்சில் ஒட்டிய, கண்ணுக்குத் தெரியாத ரத்தம்கூடப் போதும் என்றாள் நர்ஸ் யுவராணி. உதவிக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்த பொன்னுராஜ், அதில் ஒன்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பாவம், அன்று மத்தியானம் அந்த மனிதர் சாப்பிடவில்லை.

மறுநாளிலிருந்து பழைய வீடுகளுக்கெல்லாம் போனார். இறங்கி உள்ளேயே போனார். "ஒருக்கா ரத்தம் குடுத்துப் பாருங்க. இருந்தாலும் மூணு மாசம் மாத்திர, சரியாப் போயிரும்." யாரும் அசையவில்லை. நன்றாக நடமாடுகிறவர் எதற்கு ரத்தம் கொடுப்பார்? காரணத்தைச் சொன்னால் வருவார்கள். சொன்னால் முப்பது வருடப் பெயர் போய்விடும். அதை விழுங்கிக்கொண்டே ஆறு நாள் அலைந்தார்.

அடுத்த புதன்கிழமை காலையில் ராஜாத்தியிடம் உடைத்துவிட்டார். வாழைத்தார் சுமக்கிறவள், அவளுக்கும் பிள்ளைகளுக்கும் ஊசி என்றால் அவர்தான்.

"தப்பு எம்மேலதேன் ஆத்தா. ஒரே சிரிஞ்சுல ஊருக்கே போட்டுட்டேன்."

ராஜாத்திக்குச் சுருக்கென்றது. "எம்புள்ளைகளுக்குமாண்ணே?"

"ஆமா."

"ஏன் இத்தன நாளாச் சொல்லல?"

"அப்பத் தெரியாது. தெரிஞ்ச பெறகும் ஒரு வாரமா வாய மூடிக்கிட்டுத்தேன் திரிஞ்சேன்."

அவள் பிள்ளைகளுக்குப் போன் போட்டு வரச் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு உமாதேவியையும் கூப்பிட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். பொன்னுராஜ் வண்டியைத் தள்ளிக்கொண்டே பின்னால் போனார்.

யுவராணி புது சிரிஞ்சின் உறையைக் கிழித்தாள். ராஜாத்தி கையை அவளிடம் நீட்டவில்லை; பொன்னுராஜ் பக்கம் நீட்டினாள்.

"நீங்களே எடுங்கண்ணே. ஒங்க கையின்னாத்தேன் எனக்குப் பயமில்ல."

பொன்னுராஜ் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.