நூற்றுக்கு நூறு வாங்கிய ராஜினாமா

என் ராஜினாமாக் கடிதத்தின் கார்பன் பிரதியில் ஆண்டு மட்டும் தெளிவாகத் தெரிகிறது: 1985. நாளும் மாதமும் மங்கிவிட்டன. அந்த ஆண்டின் டைரியில் 'ஆடி முதல் வெள்ளிக்கு மறுநாள். சார் கையெழுத்துப் போட்டார்' என்று குறித்திருக்கிறேன். ஆகவே அது சனிக்கிழமை.

அப்போது திண்டிவனத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர எனக்கு உத்தரவு வந்தது. வந்த அன்றே இன்ஸ்டிட்யூட் நடத்திய சாரிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். அடுத்த மாதம் பரீட்சை. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க என்னை விட்டால் அவருக்கு வேறு ஆள் இல்லை.

உத்தரவில் கொடுத்திருந்த கெடு ஒரு திங்கட்கிழமை. அதற்குள் சேராவிட்டால் இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். சொல்லாமல் கிளம்பிவிடலாம். ஆனால் என் தங்கை அங்கேயே தட்டச்சு லோயர் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். பரீட்சை மையத்துக்கு மெஷின்களை இன்ஸ்டிட்யூட்டே கொண்டுபோக வேண்டும். பழகிய மெஷினில்தான் பிள்ளைகள் அடிப்பார்கள். நான் சண்டை போட்டுக்கொண்டு போனால் அவள் எந்த முகத்தோடு அங்கே போய் உட்காருவாள்? அதோடு, எனக்கு ஏ எஸ் டி எஃப் அடிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

கெடுவுக்கு முந்தைய புதன்கிழமை ராஜினாமாக் கடிதத்தை அடித்து அவர் மேஜையில் வைத்தேன். மேல் பாக்கெட்டிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார். மாணவர்களின் தாளைத் திருத்துவது போலவே வரிவரியாக வந்தார். இடது மார்ஜினில் ஒரு வட்டம், தேதியின் பக்கத்தில் ஒரு வட்டம், மங்கலாக விழுந்த ஓர் எழுத்தின் மேல் இன்னொன்று. கீழே எழுபத்தெட்டு என்று போட்டார்.

"பாஸ்தான்மா. ஆனா டிஸ்டிங்ஷன் இல்லாத பேப்பர நான் வாங்க மாட்டேன். போய் வேற அடிச்சிக்கினு வா."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை புது ரிப்பன் மாற்றி, நிதானமாக அடித்துக்கொண்டு போனேன். தொண்ணூற்றொன்று. வலது ஓரத்தில் வரிகள் ஏறி இறங்கி இருக்கின்றனவாம். அடுத்த அறையில்தான் அவர்கள் குடித்தனம். சாரின் மனைவி, நாங்கள் அம்மா என்று கூப்பிடுபவர், கதவருகே வந்து நின்றார்.

"ஏங்க, கவர்மெண்டு வேலைக்குப் போற பொண்ண இன்னாத்துக்கு இப்படிப் பேஜாரு பண்றீங்க? பேசாம அழுதுட்டாவது வுடுங்களேன்."

"நீ உள்ள போ. இது பரீட்சை விஷயம்."

அன்று வீட்டுக்கு நடக்கும்போதுதான் புரிந்தது. நான் எப்படி அடித்தாலும் அவர் பென்சிலுக்கு ஒரு வட்டம் கிடைக்கும். ஆனால் அவரே சொல்லச் சொல்ல, அவர் கண்ணெதிரே அடித்தால்?

சனிக்கிழமை காலை, வகுப்பு நடக்கும்போதே ஒரு மெஷினில் கார்பனோடு தாளைச் செருகி உட்கார்ந்தேன்.

"சார், நீங்களே டிக்டேஷன் குடுங்க. அடிக்கிறேன்."

டிக்டேஷன் என்றால் அவரால் மறுக்க முடியாது. எழுந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஸ்டார்ட்" என்றார். மற்ற மெஷின்கள் எல்லாம் தாமாக நின்றுவிட்டன. நல்ல கனமான ஆங்கிலத்தில், இங்கே பெற்ற பயிற்சிக்கு நன்றி என்றெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். நானும் விடாமல் அடித்தேன். குரலில் மாற்றமே இல்லாமல் அடுத்த வாக்கியத்தைச் சொன்னார்: பரீட்சை முடியும்வரை தினமும் மாலையில் வந்து வகுப்பு எடுக்கச் சம்மதிக்கிறேன்.

கையைத் தூக்கிவிட்டேன்.

"இன்னாமா, நின்னுட்ட?"

"தினமும் எப்படி சார் முடியும்? ஆபீஸ் விட்டு பாசஞ்சர் புடிச்சு நான் வந்து சேர்றதுக்குள்ள நீங்க பூட்டிக்கினு போயிருப்பீங்க."

"பாசஞ்சர் லேட்டு, பஸ்ஸு ஜல்தியா வரும்."

"பஸ்ஸுல நின்னுக்கினு வந்தா எந்த வெரல்ல சார் சொல்லிக்குடுக்கறது?"

பிள்ளைகள் சிரித்தார்கள். என் தங்கை மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி, வாரத்துல மூணு நாள்."

"ஞாயித்துக்கிழமைன்னு சொல்லுங்க சார். பரீட்சை வரைக்கும் ஒண்ணு வுடாம வர்றேன். மெஷின் ஏத்துற அன்னிக்கும் வர்றேன்."

கதவருகிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "சொல்லுங்களேன்! பொண்ணு கையத் தூக்கிக்கினு எவ்ளோ நேரம் குந்திக்கினு இருக்கும்?"

அவர் கூரையைப் பார்த்தார். பிறகு வாக்கியத்தை முதலிலிருந்து சொன்னார். 'தினமும்' இருந்த இடத்தில் 'ஞாயிறுதோறும்' இருந்தது. அடித்தேன்.

தாளை உருவிக் கொடுத்தபோது ஸ்கேலை எடுத்து மார்ஜினை அளந்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சிவப்புப் பென்சில் தாளின் மேல் அங்குமிங்கும் அலைந்து, எங்கும் இறங்காமல் கீழே வந்து நின்றது. நூறு என்று எழுதி, அதன் அடியிலேயே கையெழுத்தும் போட்டார். அத்தனை வருடத்தில் அவர் எனக்கு நூறு போட்டது அந்த ஒரு முறைதான். பிள்ளைகள் கை தட்டினார்கள். அம்மா கேசரி கிண்டப் போனார்.

திங்கட்கிழமை விழுப்புரத்தில் சேர்ந்தேன். ஒரு ஞாயிறும் தவறவில்லை. பரீட்சை நாளில் சாக்கில் சுற்றிய மெஷின்களோடு வண்டியின் பின்னால் நானும் நடந்தேன். லோயர், ஹையர் இரண்டிலும் எங்கள் பிள்ளைகள் எல்லாரும் தேறினார்கள். தங்கை முதல் வகுப்பு. ரிசல்ட் வந்தபின் ஒரு ஞாயிறு நான் போயிருந்தபோது, பிள்ளைகளைச் சேர்க்க வந்த பெற்றோரிடம் சார் என்னைக் காட்டி, "நம்ம மிஸ்ஸு இப்போ விழுப்புரத்துல கவர்மெண்டு. நம்மகிட்ட சொல்லிக்கினு, ஒத்துக்கினு போனவங்க" என்றார். அன்று கேட்டதை இப்போதும் பெருமையாகத்தான் எழுதுகிறேன்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. புதிதாகச் சேர்பவருக்கு விசைகள் இறுகிப்போய் யாரும் தொடாத கட்டை மெஷினைத் தள்ளிவிடுவது எங்கள் அலுவலக வழக்கம். எனக்கு மட்டும் புது மெஷின் கிடைத்தது. சில மாதம் கழித்துத் தலைமை எழுத்தர் காரணம் சொன்னார்: "நீ வர்றதுக்கு முன்னாலயே திண்டிவனத்துலேர்ந்து ஒருத்தரு வந்தாரும்மா. கட்ட மெஷின குடுத்து அந்தப் பொண்ணு வெரல கெடுத்துடாதீங்கன்னு சொல்லிட்டுப் போனாரு." ஆடி பிறப்பதற்கு முன்பு என்று அவருக்கு ஞாபகம். நான் கடிதம் வைத்த புதன்கிழமை ஆடி பிறந்தாகிவிட்டது. அப்படியானால் அவர் வந்தது என் முதல் தாளில் எழுபத்தெட்டு போடுவதற்கும் முன்பு.

சாரிடமே கேட்டேன். "விழுப்புரத்துல எனக்கு இன்னாமா வேலை?" என்றார். அம்மாவைக் கேட்டபோது அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். வந்தவரின் பெயரைத் தலைமை எழுத்தர் கேட்டு வைக்கவில்லை. வந்தவர் சார்தானா என்பது இந்த நாள்வரை உறுதிசெய்யப்படவில்லை.