கேட்டுப்போட்டுப் பேசுங்க்கா

படைவீரர்களுக்கு ஆண்டுதோறும் நடத்தும் இணையப் பாதுகாப்புப் பயிற்சியில் செயற்கை நுண்ணறிவையும் பாடமாகச் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்காவில் ஒரு மசோதா கொண்டுவந்திருக்கிறார்களாம். கம்பெனி பஸ்ஸில் போகும்போது செல்போனில் படித்தேன். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம் வந்தது. வீரனுக்குப் பாடம் நடத்துவார்கள், சரி. வீரனுடைய அக்காவுக்கு யார் நடத்துவது?

அந்த அக்கா நான்தான். கோயமுத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில், சோதனைப் பிரிவில் இருபது வருடமாக இருக்கிறேன். என் ஒரே தம்பி ராணுவத்தில் இருக்கிறான். எந்தப் பிரிவு, எந்த ஊர் என்று இப்போது யார் கேட்டாலும் சொல்வதில்லை. சொல்லிக் கெட்டது போதும்.

போன வருடம் என் மகளுக்குக் கல்யாணம் வைத்தோம். மாப்பிள்ளை வெள்ளகோவில் பக்கம். எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகையில் சொந்தபந்தம் ஒருவர் விடாமல் பேர் வர வேண்டும், பேருக்குக் கீழே உத்தியோகமும் வர வேண்டும். ஒரு பேர் விட்டுப்போனால் பத்து வருடத்துக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. தாய்மாமன் பேரைப் பெரிய எழுத்தில் போட்டு, அவனுடைய பதவி, பிரிவு, ஊர் எல்லாவற்றையும் கீழே அடிக்கச் சொன்னேன். அதோடு விட்டேனா? "எல்லாரும் குடும்பத்தோட வந்து புள்ளைய வாழ்த்தோணுமுங்க" என்று அவன் பேசி அனுப்பியதை வீடியோ பத்திரிகையில் சேர்த்து, செல்போனில் இருந்த அத்தனை குரூப்பிலும் போட்டேன். பெருமைதான், வேறென்ன!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்திரிகை மூலைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியது தம்பியின் குரல்.

"அக்கா, போன் தொலைஞ்சு போச்சுங்க. இது கூட இருக்கறவரு போனு. ஆபீஸ் நம்பர் உங்ககிட்டக் குடுத்திருந்தேனே, அதையும் என் சர்வீஸ் நம்பரையும் கொஞ்சம் சொல்லுங்க."

வீட்டில் யாருக்காவது உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் கூப்பிட்டு, அடையாளத்துக்கு என் ராணுவ எண்ணைச் சொல்லுங்கள் என்று அவன் எழுதிக் கொடுத்த நம்பர்கள் அவை. டைரியின் உள்ளட்டையில் ஒட்டியிருந்தேன். மஞ்சள் கையோடு எடுத்து ஒவ்வொரு எண்ணாக வாசித்தேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வைப்பது எங்களுக்கு மரியாதையாகப் படாது. அதனால் லீவு கொடுத்த அதிகாரி நல்லா இருக்காரா, கூட வேலை செய்யும் கொடுமுடிக்காரத் தம்பியும் கல்யாணத்துக்கு வருகிறானா என்று பேரைச் சொல்லிச் சொல்லி விசாரித்தேன். அந்தக் குரல் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. தவளை தன் வாயால் கெட்ட கதை இதுதான்.

சாயங்காலம் தம்பி கூப்பிட்டான், அவனுடைய பழைய நம்பரிலிருந்தே.

"போன் கெடச்சிருச்சா கண்ணு?" என்றேன்.

"எந்தப் போனுங்க்கா?"

காலையில் நடந்ததைச் சொன்னேன். அவன் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "நான் மேல சொல்லியாகோணும்" என்றான்.

"சொன்னா லீவு போயிருமல்லோ? நீ இல்லாம மாமன் சீர எவன் செய்வான்? நாம ரெண்டு பேரும் வாயத் தொறக்காட்டி ஆருக்குத் தெரியப் போவுது?"

"அந்த நம்பரு கெடச்சவனுக்குத் தெரியுமுங்க்கா."

மேலதிகாரிகளிடம் சொல்லிவிட்டான். மூன்றாம் நாள் அவனுடைய ஆபீசுக்கு அவன் குரலிலேயே ஒரு அழைப்பு வந்திருக்கிறது. வீடியோ பத்திரிகையில் அவன் பேசியதை வைத்துச் செயற்கை நுண்ணறிவில் செய்த குரலாம். முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் அங்கே யாரும் ஏமாறவில்லை. ஆனால் விசாரணை முடியும்வரை லீவு இல்லை என்று ஆகிவிட்டது. மாமன் சீரைப் பெரியப்பா மகன் செய்தான். தாய்மாமன் போட வேண்டிய மாலையை அவன் போட்டபோது மகள் என்னைப் பார்த்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பம்பைத் தண்ணீரில் ஓட்டிப் பார்ப்பதுதான் என் வேலை. மோட்டார் எவ்வளவு நன்றாக ஓடினாலும் நான் முதலில் பார்ப்பது இணைப்பைத்தான், கசிவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அந்த மசோதாவை எழுதியவர்கள் மோட்டாரைப் பற்றி யோசித்திருக்கிறார்கள், அது தேவைதான். பயிற்சி இருந்ததால்தான் என் தம்பி அன்று சரியாக நடந்துகொண்டான். ஆனால் எந்தச் சட்டம் போட்டு எங்கள் ஊர் அக்காக்களின் வாயை அடைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அதனால் நாங்கள் இரண்டு பேருமே ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். போன் வந்ததும் நான் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கொடுமுடியில் ஆற்றோடு போனது எது? அப்பாவின் இடது கால் செருப்பு என்று அவன் சொன்ன பிறகுதான் பேச்சு. இது நிஜமான கேள்வி இல்லை, உங்களுக்காக மாற்றி எழுதியிருக்கிறேன். அந்த அளவுக்காவது தேறியிருக்கிறேன்.

போன மாதம் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது அவனுடைய போன் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "கண்ணு, நீ தாத்தன் ஆயிட்டடா! பொம்பளப் புள்ள! சுகப் பிர..."

லைன் கட்டாகிவிட்டது. சிக்னல் இல்லை என்றுதான் நினைத்தேன். ஒரு நிமிடத்தில் மறுபடி அடித்தது.

"நாந்தான் வெச்சேனுங்க்கா. கேட்டுப்போட்டுப் பேசுங்க."

கேள்வியைக் கேட்டேன். பதிலைச் சொன்னான். அதன் பிறகுதான், குரல் உடைந்து, "புள்ள ஆருமாதிரி இருக்குதுங்க்கா?" என்று கேட்டான்.