தம்பிஐயாவின் கோணல் மூக்கு

எங்கள் புங்குடுதீவில் தம்பிஐயாவின் மூக்கைத் தெரியாதவர்கள் இல்லை. நெற்றியிலிருந்து நேராக இறங்கி, பாதி வழியில் இடப்பக்கம் சாய்ந்துவிடும். மனிதர் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் கதிரையில் இருந்து ஓய்வு பெற்றவர். அத்தனை காலத்தில் அவர் செய்ததாக ஊர் நினைவில் வைத்திருக்கும் காரியம் ஒன்றும் கிடையாது. ஆகையால் மூக்கை வைத்துத்தான் அவர் பெரிய மனிதர் ஆகவேண்டியிருந்தது.

சண்டைக் காலத்தில் துவக்குப்பிடியால் அடித்து உடைத்த மூக்கு என்பார். இந்தக் கதையை அவர் தொடங்கியது கனடாவிலிருந்து கோயில் திருவிழாவுக்கு வந்த ஒருவரிடம். “அண்ணை, மூக்கிலை என்ன?” என்று வந்தவர் சும்மாதான் கேட்டார். தம்பிஐயா கடல் பக்கம் பார்த்தார். பிறகு, “அதெல்லாம் இப்ப எதுக்குத் தம்பி” என்றார். இப்படிச் சொன்னால் யார்தான் விடுவார்கள்?

அந்தத் திருவிழாவில் சொன்ன கதையில் அடித்தவன் ஒருவன். அடுத்ததில் இரண்டு பேர். பிறகு மூன்று. அவர்கள் எந்தப் பக்கத்துக்காரர் என்பதும் நிலையாக இருக்கவில்லை. கேட்பவர் எந்தப் பக்கமோ, துவக்கு அதற்கு எதிர்ப்பக்கத்தாருடையதாக இருந்தது. வாசிகசாலைக்காரர் ஆண்டுவிழா மேடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்த விழாவுக்குக் கதிரை அடுக்கியவர்களில் ஏரம்புவும் ஒருவர். தோட்டம் செய்து பிழைப்பவர். சண்டைக் காலத்தில் ஊர் ஆண்களை வரிசையில் நிறுத்தி அடித்த ஒரு நாளில் உண்மையாகவே அடி வாங்கி, வலக்காது கேட்காமல் போனவர். அவரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. அவரும் ஒன்றும் சொன்னதில்லை.

தம்பிஐயாவின் மனைவி இராசமணிக்கு உண்மை தெரியும். தாலி கட்டக் குனிந்த நாளிலேயே அந்த மூக்கு இடப்பக்கம்தான் சாய்ந்திருந்தது. ஆனால் புருசனைச் சபையில் பொய்யன் ஆக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவர் படவேண்டிய வெட்கத்தையும் அவளே பட்டுக்கொண்டிருந்தாள்.

போன வருடம் மூக்கு அவரை உண்மையாகவே படுத்தத் தொடங்கியது. ஒரு பக்கம் முழுக்க அடைத்துவிட்டது. வாயால் மூச்சு விட்டு, எழும்பும்போது நாக்குக் காய்ந்து, தலை இடித்தது. குறட்டை தாங்காமல் இராசமணி பாயை எடுத்துக்கொண்டு குசினியில் அடுப்போரமாகப் போய்ப் படுத்தாள். யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருக்கும் மகள் நிலாந்தினி லீவில் வந்து இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு, இருவரையும் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் கூட்டிப்போனாள். பஸ்ஸுக்குக் காத்து நின்ற எல்லோரிடமும் தம்பிஐயா, “அவங்கள் உடைச்சதை இப்பதான் நேராக்கப் போறன்” என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினார்.

வைத்தியர் இளம் பெண். “எவ்வளவு காலமா ஐயா உங்களுக்கு இப்பிடி?” என்று கேட்டார்.

தம்பிஐயா வழக்கம்போலத் தூரத்தைப் பார்க்கப் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது. “அது பெரிய கதை பிள்ளை. மூண்டு பேர், துவக்குப்பிடியாலை…”

வைத்தியர் முழுவதையும் கேட்டார். பிறகு மூக்கினுள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். ஸ்கான் எடுக்கச் சொல்லி, அதையும் பார்த்தார்.

“எலும்பு உடைஞ்ச அடையாளம் ஒண்டும் இல்லை ஐயா. மூக்குக்கு நடுவிலை சுவர் மாதிரி ஒரு குருத்தெலும்பு இருக்கு. சின்ன வயசிலை வளரேக்கையே அது வளைஞ்சு வளர்ந்திருக்கு. கனபேருக்கு இப்பிடித்தான். அதைத் திருத்திவிட்டால் மூச்சு ஒழுங்கா வரும்.”

“இல்லைப் பிள்ளை, அடி வாங்கின எனக்கெல்லோ தெரியும். அடிபட்டதெண்டே எழுதும்.”

“நான் கண்டதைத்தான் எழுதுவன் ஐயா.”

நிலாந்தினி தாயைப் பார்த்தாள். தகப்பன் அந்த அடியைப்பற்றிப் பல காலம் வாய் திறக்காமல் இருந்ததே பெரிய வீரம் என்று நம்பியவள் அவள். தன் வகுப்புப் பிள்ளைகளுக்கும் சொல்லியிருந்தாள். “அம்மா?” என்றாள்.

இராசமணி நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “கலியாணத்தண்டைக்கும் உப்பிடித்தான் இருந்தது” என்றாள்.

சத்திரசிகிச்சை மயக்க மருந்து கொடுத்து நடந்தது. அதனால் அவருடைய வீரத்துக்கு அங்கே வேலை இருக்கவில்லை. மறுநாள் மூக்கினுள் அடைத்திருந்த துணியை எடுக்கத் தாதி வந்தார். மெலிந்த பெண். கையில் ஒரு சின்ன இடுக்கி. மூன்று துவக்குகளை முனகாமல் தாங்கியவர், இடுக்கி மூக்கில் படுமுன்னரே “ஐயோ அம்மா” என்று வார்டு முழுக்கக் கேட்கக் கத்தினார். பக்கத்துக் கட்டிலில் ஊர்காவற்றுறை மீன்பிடிக்காரர் ஒருவர், அதே சிகிச்சை செய்து, அதே துணியை எடுத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். “அண்ணைக்கு ஏதோ பெரிசாச் செய்திருக்கினம் போலை” என்று இரக்கப்பட்டார். நிலாந்தினி வெளியே போய் நின்றுகொண்டாள்.

வீட்டுக்கு வந்து சில வாரத்தில் மூச்சு நன்றாக வந்தது. ஆனால் வெளியே மூக்கு முன்புபோலவே சாய்ந்திருந்தது. உள்தடுப்பைத்தான் திருத்தினோம், வெளிவடிவத்தில் கைவைக்கவில்லை என்று வைத்தியர் சொல்லியிருந்தார். வேறு யாராக இருந்தாலும் கவலைப்பட்டிருப்பார்கள். தம்பிஐயா கண்ணாடியைப் பார்த்து நிம்மதியானார்.

சுகம் விசாரிக்க வாசிகசாலைக்காரர் வந்தார்கள். ஏரம்புவும் ஒரு பை கத்தரிக்காயோடு வந்து ஓரமாக நின்றார். தம்பிஐயா தொடங்கினார். “அவங்கள் அடிச்ச அடியிலை உள்ளுக்கை எலும்பு தூளாப் போச்சு. டொக்டர் பிள்ளை பாத்திட்டு அழுதிட்டுது.”

தேத்தண்ணியோடு வந்த இராசமணி தட்டை மேசையில் வைத்தாள். அந்த வைத்தியரையும் பொய்க்குள் இழுத்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

“அந்தப் பிள்ளை எங்கை அழுதது? எலும்பு உடையேல்லை எண்டெல்லோ சொன்னது. என்னைக் கட்டேக்கையே இவருக்கு மூக்குக் கோணல். இவர் அடி வாங்கினதெண்டு சொல்லுற நேரம் நாங்கள் சாவகச்சேரியிலை அக்கா வீட்டிலை இருந்தனாங்கள். இவர் அங்கை காட்ஸ் விளையாடிக்கொண்டிருந்தவர்.”

“உமக்கு ஒண்டும் தெரியாது. போம் உள்ளை.”

“இவ்வளவு காலமும் உள்ளைதானே இருந்தனான்” என்றாள் இராசமணி. போகவில்லை.

வந்தவர்கள் கோப்பையைப் பார்த்தார்கள். தம்பிஐயாவுக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. வெட்கமே இல்லாமல் ஏரம்புவின் பக்கம் திரும்பினார். “ஏரம்பு, நீ சொல்லு. அண்டைக்கு வரிசையிலை நானும் நிண்டனான்தானே?”

ஏரம்பு இடக்காதைத் திருப்பி, “என்ன அண்ணை?” என்றார். தம்பிஐயா அதே பொய்யை இன்னும் உரத்துச் சொல்லவேண்டி வந்தது.

“இல்லை அண்ணை. நீங்கள் நிக்கேல்லை. நிண்டிருந்தால் உதைச் சொல்லித் திரிஞ்சிருக்கமாட்டியள்.”

பையை இராசமணியின் கையில் கொடுத்துவிட்டு ஏரம்பு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

நிலாந்தினி தன் வகுப்பில், முன்பு சொன்ன கதை பொய் என்று சொன்னாள். “அப்ப ரீச்சர், உண்மையா அடி வாங்கினது ஆர்?” என்று ஒரு பிள்ளை கேட்டது. ஏரம்புவைக் கேட்காமல் அவர் பெயரைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. பாடத்தைத் தொடங்கினாள்.

வாசிகசாலைக்காரர் அடுத்த ஆண்டுவிழாவுக்கும் தம்பிஐயாவையே பேச அழைத்தார்கள். ஏன் என்று அவர்களில் ஒருவரைக் கேட்டேன். “மனிசன் நல்லாக் கதைக்கும்” என்றார். இந்த முறை தலைப்பு ‘சுவாசமும் சுகவாழ்வும்’. தம்பிஐயா ஒலிவாங்கியின் முன்னால் நின்று, இரண்டு துவாரங்களாலும் நீளமாக மூச்சை இழுத்துச் சனத்துக்குச் செய்து காட்டினார்.