பிகாஷும் எங்கள் ஒரே பேட்லாக் மெஷினும்

காலையில் ராயபுரம் டீக்கடையில் ஒரே விவாதம். பக்கத்து பனியன் கம்பெனியின் பிகாஷை எங்கள் கம்பெனிக்கு இழுக்கலாமா?

ஒடிசாக்காரர். போன ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் மேட்சில் எங்கள் பந்து ஒன்றுகூட டிஃபென்ஸில் நின்ற அவரைத் தாண்டவில்லை.

"அவரு பின்னாடி நின்னா கப்பு நமக்குத்தானுங்க" என்றார் கேப்டன் சலீம்.

எங்கள் மேனேஜர் மட்டும், "ஆளு வரட்டுங்க. என்ன மெஷின் ஓட்டறாரு?" என்று கேட்டார்.

அரை மணி நேரமாகப் பேசியும் எங்களில் யாருக்கும் இது தோன்றவில்லை. பிகாஷுக்கே போன் போட்டோம். பேட்லாக் என்றார்; பனியனுக்கு அடிமடிப்பு தைக்கிற மெஷின்.

எங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அதை ஓட்டுபவர் எங்கள் கோல்கீப்பர் முருகேசன். டீ கிளாஸோடு பக்கத்தில்தான் நின்றார்.

"அவரு இங்க வந்தா அங்க மெஷின் காலியாகுமுல்லீங்க? நான் போயிக்கறனுங்க. அந்த டீமுக்குக் கீப்பர் வேணுமான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

அந்த டீமின் கோலில் அவர் நின்றால் எங்கள் கதி? எங்களில் யார் எந்தப் பக்கம் அடிப்போம் என்பது முருகேசனுக்கு மனப்பாடம்.

நீங்களே சொல்லுங்கள். பிகாஷை எடுக்கலாமா, வேண்டாமா? இன்னொரு பேட்லாக் வாங்கலாம் என்பவர்கள், நேரில் வந்து எங்கள் முதலாளியிடம் சொல்லவும்.