பூஜ்யம் வருமா?

பல் கிளினிக்கின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கும் அக்கா, நாற்பது வயதுக்கு மேல் கணிதம் படிக்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தாள். "பொண்ணு காலேஜ் போற வயசுல உங்களுக்கு என்ன படிப்பு அண்ணி?" என்று நாத்தனார் கேட்டாள். "ரெண்டு பேரும் ஒரே பஸ்ல போயிக்கறோம்" என்று சிரித்தாள் அக்கா.

நேர்காணலில் பேராசிரியை, ஒன்று முதல் பத்து வரை பலகையில் எழுதினார். "ஒவ்வொரு எண்ணையும் கூட்டலாம், இல்ல கழிக்கலாம். எதையும் விடக்கூடாது. விடை பூஜ்யம் வருமா?"

அக்கா போட்டுப் பார்த்தாள். ஒன்று வந்தது. மாற்றிப் போட்டால் மூன்று. மறுபடியும் ஒன்று. "எனக்கு வரலைங்க மேடம்" என்று பேனாவை வைக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

"ஒத்தப்படையாவே வருதே... எல்லாத்தையும் கூட்டினா அம்பத்தஞ்சு. எந்த எண்ணைக் கழித்தலா மாத்தினாலும் அந்த எண்ணோட ரெண்டு மடங்கு குறையும், அது ரெட்டப்படை. அப்பவும் ஒத்தப்படைதான். பூஜ்யம் வரவே வராதுங்க."

"சரிதான். அடுத்த கேள்வி..."

"ஒரு நிமிஷம் மேடம். பதினொண்ணு வரைக்கும் இருந்தா வருமோ?"

பேராசிரியை நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "போட்டுப் பாருங்க. எனக்கு அவசரமில்ல."

வெளியே காத்திருந்த மகள் ஓடி வந்தாள். "சீட் கிடைச்சுதாம்மா?"

"பதினொண்ணுக்கு வருதுடி" என்றாள் அக்கா, முகமெல்லாம் பல்லாக.

சீட் கிடைத்த செய்தி மறுவாரம் வந்தது.