பாரிஸிலிருந்து சூரிச், டொரொண்டோ வழியாக

டொரொண்டோ விமான நிலையத்தில், பயணிகள் வெளியே வரும் கதவருகே நிற்கிறேன். என்னை அழைத்துப்போக வேண்டிய நண்பர் இன்னும் வந்தபாடில்லை. பக்கத்தில், இந்நகரின் ரெக்ஸ்டேல் பகுதிக்காரர் ஒருவர், மட்டன் ரோல்ஸ் பெட்டியோடு காத்திருக்கிறார். அவருடைய மகளுக்கு மறுநாள் கலியாணம். பாரிஸிலிருந்து அவருடைய மூத்த அக்கா வந்திறங்கிவிட்டார். சூரிச்சிலிருந்து வரும் சின்னக்காவைக் காணாமல் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அந்த மூத்தவர் பிடிவாதமாக நிற்கிறார்.

“பாரிஸுக்கும் சூரிச்சுக்கும் எவ்வளவு தூரம்?” என்று கேட்கிறேன்.

“ஐந்நூறு கிலோமீற்றரும் வராது அண்ணை. பிளேனில ஒண்டேகால் மணித்தியாலம். ரெண்டு பேரும் நேரில கண்டு ஆறு வருசம்!”

கதவு திறக்கிறது. பாரிஸ் அக்கா தடுப்புக் கம்பிக்குக் கீழே குனிந்து ஓடுகிறார். சூரிச் அக்கா கைவிட்ட தள்ளுவண்டி தன்பாட்டில் உருண்டு என் காலில் வந்து முட்டுகிறது. ஒன்றேகால் மணி நேரத் தூரத்தைக் கடக்க ஆளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் பறந்து வந்தவர்கள், கட்டிப்பிடித்தபடி சிரிக்கிறார்கள், அழுகிறார்கள், மறுபடியும் சிரிக்கிறார்கள்.

“இனி எப்ப அக்கா காணுறது?” என்கிறார் சின்னவர்.

“ஏன், பெரியண்ணையின்ர மகனுக்கு மாசியில கலியாணமெல்லே? அங்க சந்திப்பம்.”

“அது எங்கே?” என்று ரெக்ஸ்டேல்காரரிடம் கேட்கிறேன்.

“சிட்னியில,” என்று சொல்லி, எனக்கும் ஒரு ரோல்ஸை நீட்டுகிறார்.