இருநூறு முறை மாப்பிள்ளை

என் சித்திக்கு ஐம்பதாவது வயதில்தான் கல்யாணம் நடந்தது. அதற்கு முன்பே அவள் இருநூறு முறைக்கு மேல் மாப்பிள்ளையாக நின்றிருக்கிறாள்.

சித்தி இருபத்து மூன்று வருடமாகத் தேவாலய அலுவலகத்தில் எழுத்தர். திருமணப் பதிவேடு, சாவிக்கொத்து, மெழுகுவத்திப் பெட்டி எல்லாம் அவள் பொறுப்பு. பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்தும் பெரும்பாலும் அவளுடையதுதான். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் முந்தின மாலை ஒத்திகை உண்டு. பெண்கள் அரை மணி முன்னதாகவே வந்துவிடுவார்கள். மாப்பிள்ளைகள் தையல் கடையிலோ சலூனிலோ மாட்டிக்கொள்வார்கள். "அவர் வர்றப்ப வரட்டும், நான் நிக்கிறேன்" என்று சித்தி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பெண்ணின் வலக்கையைப் பிடிப்பாள். "நான் உன்னை என் மனைவியாக ஏற்றுக்கொள்கிறேன்" என்று கடகடவென ஒப்பிப்பாள். பெண்களுக்குச் சிரிப்பில் பாதிப் பயம் போய்விடும்.

நான்கு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் வீடு திரும்பியபோது அவளுக்கே ஓலை வாசித்துக்கொண்டிருந்தார்கள். இன்னாரும் இன்னாரும் மணக்கப் போகிறார்கள், தடை ஏதும் தெரிந்தால் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறுகள் ஆலயத்தில் படிக்கும் அறிவிப்புதான் ஓலை. தன் ஓலையையும் சித்தியே தட்டச்சு செய்திருந்தாள். மூன்றாவது ஞாயிறு, சரியாக "தடை" என்ற இடத்தில் பாடகர் குழுவில் யாரோ தும்மப் போனார்கள். சித்தி திரும்பிப் பார்த்தாள். தும்மல் பாதியிலேயே நின்றுவிட்டது.

மாப்பிள்ளை, பூட்டு ரிப்பேர் கடை வைத்திருந்த சாவிக்காரர். மனைவியை இழந்தவர். பதிவேட்டு அலமாரியின் பூட்டைச் சரிசெய்ய வந்தவர் அந்த ஒரே பூட்டுக்காக ஏழு தடவை வந்தாராம்.

"ஏழாவது தடவைதான்டி எனக்கே சந்தேகம் வந்துச்சு" என்றாள் சித்தி.

கல்யாணத்துக்கு முந்தின நாள் கேட்டேன். "உனக்கு ஒத்திகை இல்லையா சித்தி? நான் வேணா மாப்பிள்ளையா நிக்கட்டுமா?"

"நீயா? ரெண்டு நாள் சேந்தாப்ல ஒரு இடத்துல நின்னுருக்கியாடி நீ?" சிரித்தவள் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு ஒத்திகை வேணாம். ஃபாதர்தான் கல்யாணம் பண்ணி வைக்கிறார்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. அவரு வெறும் சாட்சி. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் குடுக்குற வாக்குதான் கல்யாணமே. அந்த வாக்கை நான் சும்மா சும்மா சொல்லித் தேய்ச்சுட்டேன். நாளைக்கும் வாய் மட்டும் சொல்லிட்டுப் போயிருச்சுன்னா?"

மறுநாள் காலை ஆலயம் நிறைந்திருந்தது. சாவிக்காரர் ஃபாதர் சொல்லச் சொல்ல, தட்டுத்தடுமாறித் தன் வாக்கைச் சொல்லி முடித்தார். அடுத்தது சித்தி. ஃபாதர் சொல்லிக்கொடுக்க வாய் திறப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள். கணீரென்று.

"நான் உன்னை என் மனைவியாக ஏற்றுக்கொள்கிறேன்!"

ஆலயமே கொல்லென்று சிரித்தது. ஃபாதர் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார். சாவிக்காரர் மட்டும் சிரிக்காமல், "எனக்குச் சம்மதம்தாங்க" என்றார். மறுபடியும் ஒரு சிரிப்பலை.

சித்தி சிரிக்கவில்லை. காது வரை சிவந்துபோய், "பாத்தீங்களா ஃபாதர், வாய்தான் சொல்லுது" என்றாள்.

"ஒண்ணும் அவசரமில்லம்மா. நான் ஒவ்வொரு வார்த்தையா சொல்றேன், கூடவே சொல்லுங்க."

சித்தி சொல்லிக்கொண்டே வந்து, "என் கணவராக" என்ற இடத்தில் நின்றுவிட்டாள். இருபத்து மூன்று வருடமும் அவள் ஒப்பித்தது மாப்பிள்ளையின் வரிகளை. இந்தச் சொல்லை அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அது தேயவே இல்லை. சாவிக்காரரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். பின் வரிசைக்குக் கேட்டிருக்காது. முன் வரிசையில் இருந்த எனக்கே பாதிதான் கேட்டது. அவருக்குக் கேட்டது என்பது மட்டும் முகத்தில் தெரிந்தது.

பிறகு கையெழுத்து. சித்தியே அலமாரியைத் திறந்து, பதிவேட்டை விரித்து, பேனாவை அவர் கையில் திணித்தாள். "நல்லா அழுத்திப் போடுங்க, கார்பன் வழியா அடித்தாள்லயும் விழணும்" என்று அதட்டினாள். அவர் போட்டு முடித்ததும் பேனாவை வாங்கி, வழக்கம்போலக் கீழே சாட்சிக் கட்டத்துக்குப் போனாள்.

சாவிக்காரர் அவள் மணிக்கட்டைப் பிடித்து மேலே நகர்த்தினார்.

"அங்க இல்லைங்க. இன்னைக்கு நீங்க சாட்சி இல்ல."